பட்டாளத்துப் பெரியோரும் நம் கடமையும்

(முன்னாள் படைவீரர் நாளையொட்டி இரும்புலியூரில் நம் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

நம் தேசத்தில் ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 14-ம் நாள் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. இந்தியப் படைக்குத் தலைமை பூண்ட முதல் இந்தியராகிய ஜெனரல் கரியப்பா அவர்கள் 1953-ம் ஆண்டு அந்நாளில் ஓய்வுபெற்றார்; அதன் நினைவாகவே அந்நாள் தெரிந்தெடுக்கப்பட்டது. நமக்கோ அந்நாள் போகிப் பண்டிகையை ஒட்டி வருவதாகும். பழையன கழித்தல் என்று சொல்லிக் கிழிந்த பாயையும் முறிந்த முறத்தையும் பழங் காகிதங்களையும் வாசலிலிட்டு எரிக்கும் நாள் அது. ஒரு நாள் நினைக்கச் சொல்லுகின்றது; மற்றொரு நாள் எரிக்கச் சொல்லுகின்றது. இவ்விரண்டும் அடுத்தடுத்து வருதலைக் கருதியே, போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் இக்கூட்டத்தைக் கூட்டினோம். அதன் காரணம் எம் பேச்சின் முடிவில் நன்கு விளங்கும்.

இரும்புலியூரில் வாழும் நமக்குப் பட்டாளம் புதியதொன்றன்று. கிழக்கே சேலையூர்ப் பக்கத்து விமானத்தளத்திலிருந்து எழும் பயிற்சி விமானங்கள் நம் தலைக்கு மேலே வட்டமிடுகின்றன. இரண்டாம் மகாயுத்த காலத்திலேயே தாம்பரத்தில் விமானத்தளம் இயங்கியது. விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியும் 1954-ல் அங்கு வந்து சேர்ந்தது. வடக்கே பல்லாவரமும் பரங்கிமலையும் கும்பினியார் காலந்தொட்டுப் படைவீட்டூர்கள். பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமை இடமாக விளங்கியது. மேற்கே வாலாஜாபாத் என்னும் ஊரின் பெயரையே ஒரு காலாட்படை தாங்கி நின்றது. ஆகவே, நம் பக்கத்துக் கிராமங்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று சொல்லப்படும் வீடு ஒன்றேனும் இல்லாத ஊர் அரிது. ஆனால் அப்பட்டாளத்தாரின் பெயர் என்ன, அவர் எப்படையில் நின்றார், எந்நாட்டிற்குச் சென்றார் என்று கேட்டால், அவ்வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கே விடை சொல்லத் தெரிவதில்லை. இக்குறையைப் பற்றியே இன்று உங்கள்முன் சில சொற்கள் கூற எழுந்தோம்.

முதற்கண் நம்மவர் ஏன் பட்டாளத்திற் சேர்ந்தனர் என்பதை ஆராய்வோம். 1891-ம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராகிய டிரெமென்ஹீர் துரை, இந்த ஜில்லாவில் வாழ்ந்த நம் சமூகத்தாரின் நிலையைக் குறித்து சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுதவனுக்கு நிலமில்லை, குடியிருந்த மனைமீதும் உரிமையில்லை, மிராசுதாரர் சினந்தால் குடிசையை விட்டு வெளியேற வேண்டியதே என்னும் நிலையை அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. அதன் பயனாகவே 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. அத்தகைய காலத்தில், சாதி கேளாமல் உடலின் வலிவைக் கேட்டு, மாதந் தவறாத சம்பளமும், காலுக்குப் பூட்ஸும், எழுத்தறிவும், முதுமையில் பென்ஷனும் கொடுத்த இடம் பட்டாளம் ஒன்றே. தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவன், பூட்ஸணிந்து அணிவகுத்து நடந்தான். ஊர்ப் பள்ளியில் அமர இடம் பெறாதவன், பட்டாளத்துப் பள்ளியில் தன் பெயரை எழுதக் கற்றான். இதனை நம் முன்னோர் எளிதில் விட்டுவிடுவரோ?

பழைய சென்னைப் படையில் பல சாதியாரும் ஒரே கம்பெனியிற் கலந்து நின்றனர். அவருள் நம் சமூகத்தாரும் பெருந்தொகையினராக இருந்தனர். 1780-ல் தோற்றுவிக்கப்பட்டுப் பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படையிலும், பயனீர் படைகளிலும் நம்மவர் மிகுதியாகச் சேர்ந்தனர். சாப்பர் என்பார், படை செல்லுமுன் தாம் சென்று பாதை வெட்டுவோர். ஆற்றுக்குப் பாலம் இடுவோர். கோட்டைச் சுவரின்கீழ்ச் சுரங்கம் வைப்போர். குண்டு பாயும் இடத்தில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்வெட்டியைக் கையிற் பிடிக்கும் தொழில் அது. சீரங்கப்பட்டணம், அஸ்ஸாயி, ஜாவா, பர்மா, சீனா, அபிஸீனியா என அவர் அடிவைத்த இடங்கள் பல. படையிலிருந்த ஆங்கிலேயரும் அவர்களைத் ‘தம்பி’ என்றே அழைத்தனர். அப்பெயர் இன்றும் வழங்கி வருகின்றது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படுகின்றது. ‘உங்கள் முன்னோர் அந்நியனுக்குக் கூலிக்குப் போரிட்டவர், அவர்களை நினைப்பதில் என்ன பெருமை?’ என்று சிலர் வினவுகின்றனர். இவ்வினாவைக் கண்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுவதில்லை. கும்பினியார் இத்தேசத்தைப் பிடித்தது இத்தேசத்தார் கையைக் கொண்டே என்பது மெய். நம்மவர் மட்டுமன்றி எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் அப்படையில் இருந்தனர். 1806-ம் ஆண்டு ஜூலை 10-ம் நாள் வேலூர்க் கோட்டையில் அதே சென்னைப் படையின் சிப்பாய்களே வெள்ளைத் தலைவர்களை எதிர்த்தெழுந்து நூற்றுக்கணக்கில் மாண்டனர் என்பதும் மெய். சொந்த ஊரில் மனையுரிமையும் இல்லாத ஒருவனிடம், ‘நீ தேசத்துக்காக ஏன் பட்டினி கிடக்கவில்லை?’ என்று கேட்பது நியாயமாகுமா என்பதையும் அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பெரியோரை மாசற்ற தேவர்களாகக் காட்ட நாம் முற்படவில்லை. அவர்கள் மனிதர்கள்; வறுமையால் சென்றார்கள்; சென்ற இடத்தில் தம் கடமையைச் செய்தார்கள். அவ்வளவில் நினைக்கப்படுதற்கு உரியராகின்றார்கள்.

இனி, அவர்கள் செய்த பணிக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்து, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் நெடுங்காலச் சமாதானத்தால் போர்க்குணம் இழந்தவர் என்று கருதினார். ‘வீரசாதியார்’ என்றும் ‘வீரமற்ற சாதியார்’ என்றும் மக்களைப் பிரித்து வடநாட்டாரையே மிகுதியாகச் சேர்க்கும் கொள்கை வலுப்பெற்றது. சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. முதல் மகாயுத்தத்தில் உழைத்துத் திரும்பிய பின்னரும் இக்கொள்கை மாறவில்லை; 1928-க்குள் சென்னை ரெஜிமெண்டின் நிலைப்படைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன; 1933-ல் பயனீர் படைகளும் மறைந்தன. சாப்பர் படை ஒன்றே எஞ்சி நின்றது. பம்பாய் மாகாணத்து மகார் சமூகத்தார்க்கும் இக்கதியே நேர்ந்தது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அச்சமூகத்தார்க்குப் படையின் கதவு அடைபட்டபோது அதனைத் திறக்குமாறு விண்ணப்பங்கள் பல எழுதப்பட்டன. 1941-ல் யுத்த நெருக்கடி வந்த பின்னரே மகார் ரெஜிமெண்டு தோன்றிற்று. சென்னை ரெஜிமெண்டும் அக்காலத்தே மீண்டும் எழுப்பப்பட்டது. ஆபத்து வந்தபோது வீரன்; ஆபத்து நீங்கியபோது வீரமற்றவன் என்பது நம் முன்னோர் கண்ட நீதி. இந்நீதிக்கு விடை அவர்களுடைய சேவைக் கணக்கே. அக்கணக்கை நாமே தொலைத்துவிட்டால், ராபர்ட்ஸ் பிரபு சொன்னதே நிலைத்துவிடுமன்றோ?

முதல் மகாயுத்தம் நம் வாசலுக்கே வந்த யுத்தம். 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்லக் கேட்டோம். அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர். இறந்தோர் 74,000-க்கு மேற்பட்டோர். சென்னைச் சாப்பர்கள் மெசபட்டோமியாவில் டைகிரிஸ் நதிக்கரையில் உழைத்தனர். 61-ம் பயனீர் படையினர் 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் டாங்காக் கரையில் இறங்கிப் போரிட்டனர். யுத்தம் முடிந்தபின் சர்க்கார் மாகாணத்தின் பல கிராமங்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தனர். இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். சாவடிச் சுவரிலோ மணிக்கூண்டிலோ பள்ளிக்கூடத்திலோ அத்தகைய கல்லைக் கண்டவர் இக்கூட்டத்திலும் இருக்கலாம். அன்பர்களே! அக்கல்லில் தொகை உண்டு, பெயர் இல்லை. சென்றவர் யார், மாண்டவர் யார் என்று அக்கல் சொல்லாது.

பாஸ்ராவிலுள்ள பெரிய நினைவுமண்டபத்தின் நிலையும் இதுவே. மெசபட்டோமியாவில் மாண்டு கல்லறை அறியப்படாதோர் 40,000-க்கு மேற்பட்டோர்க்கு அது எழுப்பப்பட்டது. வெள்ளையர் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. இந்திய அதிகாரிகள் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ படைவாரியாக எண்ணிக்கையில் மட்டும் குறிக்கப்பட்டனர். போர்க்கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே 2021-ம் ஆண்டு ஏப்ரலில் இக்குற்றத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்காப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரை, பெயராலோ வேறெவ்வகையாலோ நினைக்கப்படாது விடப்பட்டனர் என்று அவ்வறிக்கை கூறுகின்றது. நூறாண்டு கழிந்து வந்த வருத்தமாயினும் அதனை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆனால் அந்நியர் செய்த பிழையை அந்நியர் திருத்தும்வரை நாம் கைகட்டி நிற்பதும் முறையன்று.

இரண்டாம் மகாயுத்தத்திற்கு வருவோம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்னும் அச்சத்தால் சென்னை நகரம் காலியாயிற்று. கச்சேரிகள் உள்நாட்டிற்கு மாற்றப்பட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினர். நகரத்தார் ஊரைவிட்டு நீங்கிய அந்நாளில் கிராமத்து வாலிபர் பட்டாளத்திற் பெயர் கொடுத்தனர். இருபத்தைந்து லட்சம் இந்தியர் அந்த யுத்தத்தில் தாமாகச் சேர்ந்தவர். மாண்டோர் 87,000-க்கு மேற்பட்டோர். அவருள் ஒருவர் வரலாற்றை மட்டும் ஈண்டு விரித்துரைக்க விரும்புகின்றோம்.

அவர் பெயர் சுபேதார் சுப்பிரமணியம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த, இக்காலம் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள, கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர். சென்னைச் சாப்பர் படையிற் சேர்ந்து இத்தாலி சென்றார். 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் நாள், மின்யானோ என்னும் ஊருக்கருகில், கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலத்தில் வழியமைக்கும் சிறு குழுவொன்றை அவர் நடத்திச் சென்றார். பின்வந்தவருள் ஒருவர் கால்பட்டு ஒரு கண்ணிவெடி இயங்கத் தொடங்கிற்று. அவ்வகை வெடி இயங்கியபின் நான்கு வினாடி கழித்தே வெடிக்கும் என்பதை அவர் அறிவார். தாம் தரையிற் படுத்துத் தப்பலாம். அல்லது விலகி ஓடலாம். அவரோ அவ்வெடியின்மேல் தம்மைத் தாமே வீழ்த்திக்கொண்டார். வெடியின் வேகம் முழுவதும் அவருடலிற் பாய்ந்தது. அருகிருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் என்று அவர் குறிக்கப்படுகின்றார். நம் ஜில்லாவில் இன்று எத்தனை மாணவர் அவர் பெயரை அறிவர்?

அவர் எக்குலத்தார் என்று சிலர் கேட்கலாம். யாம் அதனை ஆராயவில்லை. அந்த நான்கு வினாடிக்குள் அவரும் பின்னின்றவர் எச்சாதியார் என்று ஆராயவில்லை. நம் சங்கம் ஒரு சமூகத்தின் சங்கமே. நம்மவர் பணி மறைக்கப்பட்டதாதலின் அதனை வெளிக்கொணர நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. ஆயினும், இறந்த வீரரை ‘எம் சாதி’ ‘உம் சாதி’ என்று பங்கு போட்டுச் சுவரொட்டிகளில் அச்சிட்டுச் சண்டையிடும் வழக்கம் இக்காலத்தில் மிகுந்து வருகின்றது. வீரத்தைச் சில சாதிகளுக்கே உரியதென்று சொல்லி நம்மை வெளியே நிறுத்தியது ராபர்ட்ஸ் பிரபுவின் கொள்கை. அதே கொள்கையை நாம் கையில் எடுத்துக்கொண்டு, வீரம் நம் சாதிக்கே உரியதென்று கூறுவோமானால், அவருக்கும் நமக்கும் வேற்றுமை என்ன? ஆதலின் நாம் எழுதப்போகும் ஏட்டில் நம் ஊரிலிருந்து பட்டாளம் சென்ற அனைவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது எம் துணிபு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அதே யுத்தத்தில் மலேயாவில் தோட்டக் கூலிகளாக உழைத்த தமிழர் பலர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். ஒரே பக்கத்து மக்கள் பர்மா எல்லையில் இரு கொடிகளின்கீழ் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. ஒருவரை நினைத்து மற்றவரை மறத்தல் தகாது. இரு திறத்தாரும் பசியறிந்த வீடுகளிலிருந்து சென்றவர். இரு திறத்தாரின் தாய்மாரும் தபால்காரனையே பார்த்து நின்றனர்.

சுதந்திரத்திற்குப் பின் காஷ்மீரம், 1962-ல் சீனப்போர், 1965-லும் 1971-லும் பாகிஸ்தான் போர் என நம் வாலிபர் நின்ற களங்கள் பல. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படை சென்றது சரியோ தவறோ என்பதில் தமிழ்நாட்டில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. அங்கே தமிழ் மக்கள் பட்ட துன்பமும் நாம் மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஏவலின்படி சென்று காலிழந்து திரும்பியவனை வீதியில் கண்டு முகந்திருப்புதல் மனிதத் தன்மையாகாது. 1999-ல் கார்கில் போரில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29-ம் நாள் படாலிக் மலைமுகட்டில் வீழ்ந்தார். ஒரு திங்களுக்குப் பின்னரே அவருடல் மீட்கப்பட்டது. 2014 ஏப்ரல் 25-ம் நாள் காஷ்மீரத்தில் உயிர்நீத்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன், நம் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்தவர். பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்திலிருந்து படைக்குச் சென்றவர். 1963-ல் தோன்றிய அப்பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் பயின்று அதிகாரிகளாகின்றனர். பாட்டன்மார் சிப்பாயாக நின்ற மலையடிவாரத்தில் பேத்திமார் அதிகாரியாக அணிவகுப்பதைக் காணும் பேறு நமக்குக் கிட்டியிருக்கின்றது.

புதுடில்லியில் 2019 பிப்ரவரி 25-ம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், சுதந்திரத்திற்குப்பின் மாண்ட வீரர் ஏறக்குறைய 26,000 பேரின் பெயர்கள் தனித்தனியே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எண்ணிக்கை பெயராக மாறியது பெரிய காரியம். ஆனால் அன்பர்களே! மாண்டவர்க்கே கல் உண்டு. உயிரோடு திரும்பியவர்க்கு எங்கே கல்? பதினைந்து ஆண்டு பாலைவனத்திலும் பனியிலும் நின்று, திரும்பி வந்து இந்த இரும்புலியூர் ஏரிக்கரையில் வீடு கட்டி, வங்கி வாசலிலோ தொழிற்சாலை வாசலிலோ காவற்காரராக நின்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து மறைந்தவரை யார் நினைப்பார்? அவர்க்குக் கல் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலுள்ள டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றே.

இனி, போகியைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னதன் காரணத்தைக் கூறுவோம். நம் பக்கத்தில் ஒரு மூதாட்டியார் இருந்தார். அவர் கணவர் இரண்டாம் யுத்தத்திற் சாப்பராயிருந்து, பென்ஷன் பெறுமளவு காலம் நிறையாமலே, யுத்தம் முடிந்ததும் விலக்கி அனுப்பப்பட்டவர். அத்தகையோரின் விதவைகட்கு சர்க்கார் உதவித்தொகை உண்டென்று கேள்வியுற்று, யாம் அவருக்காக ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். ‘பட்டாள எண் என்ன? டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் எங்கே?’ என்று கேட்டனர். அம்மையார் சொன்னார்: ‘அதெல்லாம் கரையான் அரித்த காகிதமென்று பிள்ளைகள் போகி நெருப்பில் போட்டுவிட்டார்களே, ஐயா!’ நாம் வாளா திரும்பினோம். சில நாள் கழித்துப் பேரன் ஒரு மெடலைக் கொண்டுவந்தான். சிறு வயதில் அவன் விளையாட எடுத்துச் சென்றதால் அது நெருப்புக்குத் தப்பியது. இங்கிலாந்துச் சிப்பாய்க்கு அந்த யுத்தத்து மெடல்கள் பெயரின்றியே வழங்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்க்கோ மெடலின் விளிம்பில் எண்ணும் பெயரும் படையும் பொறித்துக் கொடுத்தனர். புளியிட்டுத் துலக்கியபின் அவ்வெழுத்துகள் தெரிந்தன.

அந்த எண்ணைக் கொண்டு படையின் ஆவண நிலையத்திற்கு எழுதினோம். விடை வருவதற்குள் அம்மையார் காலமானார். பின்னர் வந்த கடிதத்தில் அவர் கணவர் சேர்ந்த நாளும் விலகிய நாளும் சென்ற நாடும் நான்கு வரிகளில் இருந்தன. ‘ஆயா, தாத்தா எங்கே சண்டைக்குப் போனார்?’ என்று சிறுவனாயிருந்தபோது கேட்டு, ‘கடலுக்கு அப்பால்’ என்னும் விடையொன்றையே பெற்றிருந்த அப்பேரன், அந்நான்கு வரிகளைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். உதவித்தொகை கிடைக்கவில்லை, தாமதித்தது நம் குற்றம். காகிதம் ஒன்று இருந்திருப்பின் அந்த அம்மையாரின் கடைசி நாட்கள் சற்றே வேறாயிருந்திருக்கும். பழங் காகிதந்தானே என்று நாம் நெருப்பிலிடுவது யாரோ ஒருவருடைய சோறாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம்.

பஞ்சாபில் முதல் மகாயுத்தத்திற் சேர்ந்த ஏறக்குறைய 3,20,000 பேரின் விவரமடங்கிய பழம் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்திற் கிடந்தன. 2021-ல் அவற்றைப் பலரும் காணுமாறு வெளியிடத் தொடங்கினர். இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் சிலர் தம் பூட்டன்மாரின் பெயரை அவற்றிற் கண்டு கண்ணீர் விட்டனர். அவர்கள் செய்ததை நம் அளவில் நாமும் செய்யலாம். அதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கால் நடையும், கேட்கும் பொறுமையுமே வேண்டும்.

ஆதலின் சங்கத்தார்முன் சில விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, இந்தப் போகிக்கு எவ்வீட்டாரும் பட்டாளத்துக் காகிதம் எதனையும் எரிக்க வேண்டாம். மெடலை எடைக்கு விற்க வேண்டாம். கரையான் அரித்ததாயினும் சங்கத்திற்குக் கொணர்ந்து காட்டுக. படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். இரண்டாவது, நம் வாலிபர் இருவர் இருவராய் இரும்புலியூரிலும் சுற்றுப்புறத்திலும் வீடுதோறும் சென்று, சாதி மத வேற்றுமையின்றி, பட்டாளம் சென்றவர் பெயர், எண், படை, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, சென்ற நாடு ஆகியவற்றை எழுதுக. மூன்றாவது, 1971-ல் இருபது வயதினராய்ப் போர்க்களம் கண்டவர்க்கு இன்று எழுபதைக் கடந்த வயது. 1962-ஐயும் 1965-ஐயும் கண்டவர் அவரினும் மூத்தோர். அவர்கள் சொல்லுவதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்க. ‘பிறகு கேட்கலாம்’ என்று தள்ளிப்போடுதல் இவ்விஷயத்தில் இழப்பேயாகும். நான்காவது, பட்டாளத்தாரின் மனைவியரையும் தாய்மாரையும் கேட்டெழுதுக. மணியார்டரை நம்பிக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். அவர் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவெய்தாது. ஐந்தாவது, உதவி பெறத் தகுதியிருந்தும் பெறாத முதியோரும் விதவையரும் காணப்படின், அவர்களை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று காரியம் முடியுமட்டும் உடனிருக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும்.

இவ்வாறு திரட்டும் பெயர்களை நம் மாத வெளியீட்டில் திங்கள்தோறும் ஒரு பக்கத்தில் அச்சிடலாமென்று பத்திராதிபர் இசைந்துள்ளார். புகழுரை வேண்டா, பெயரும் படையும் ஆண்டும் போதும். இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1893-ல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பெயரை மறைப்பதால் இழிவு நீங்காது, பெயரைச் சொல்லி நிமிர்வதாலேயே நீங்கும் என்பது அவர் கண்ட உண்மை. தொகையாக மட்டும் கல்லிலே நின்ற நம் பெரியோர்க்கும் அவரவர் பெயரை மீட்டுக் கொடுப்பது அவ்வழியிற் செல்லும் நம் கடமையாகும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! உங்களிடம் இறுதியாக ஒன்று வேண்டுகின்றோம். ‘நாங்கள் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம்’ என்று சொல்லி ஒதுங்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நோட்டுப் புத்தகத்துடன் நம் வாலிபர் அமர்ந்திருப்பர். முதற் பக்கத்தில் உங்கள் பெயர்களை உங்கள் கையாலேயே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.